கறுப்புத் துணியும் வெள்ளை மையும்

ஒரே ஒரு டி-சர்ட். அதில் நாமே வரைந்த படம், பல நிறங்களோடு. இணையத்தில் படத்தை ஏற்றிப் பணம் கட்டினால் சில நாளில் பார்சல் வந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே வேலையைத் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கேட்டிருந்தால், "எத்தனை பீஸ்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும். ஒன்று என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

அவர்கள் மேல் தப்பில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கின் கணக்கு அப்படி. படத்தில் உள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு ஸ்கிரீன் வேண்டும். படத்தை நிறம் நிறமாகப் பிரித்து ஃபிலிம் எடுக்க வேண்டும். ஒளி பட்டால் இறுகும் எமல்ஷன் பூசிய வலையின் மேல் அதை வைத்து ஒளி காட்டி, கழுவி, காயவைத்து, சட்டத்தை டேபிளில் பொருத்த வேண்டும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காருகின்றனவா என்று சாம்பிள் அடித்துப் பார்க்க வேண்டும். முதல் பீஸ் கைக்கு வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். ஒரு ஸ்கிரீனுக்கு 400 ரூபாய் செலவு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து நிறத்துக்கு 2,000 ரூபாய். ஆயிரம் பீஸ் அடித்தால் பீஸுக்கு 2 ரூபாய்தான் விழும். ஒரே பீஸ் என்றால் அந்த 2,000 ரூபாயும் அதன் தலையில்தான்.

இங்க்ஜெட் வந்து இந்தக் கணக்கை மாற்றியது. தைத்து முடித்த ஆடையின் மேல் நேராகவே மையைத் தெளித்து அச்சிடும் இந்த முறைக்கு டைரக்ட் டு கார்மென்ட் என்று பெயர். தொழிலில் டிடிஜி என்பார்கள். இதில் ஸ்கிரீனே கிடையாது. கணினியில் இருக்கும் படம் மைத்துளிகளாகத் துணியில் இறங்குகிறது. முதல் பீஸுக்கும் ஐம்பதாவது பீஸுக்கும் செலவு ஒன்றுதான். படத்தில் ஐந்து நிறமா, ஐயாயிரம் நிறமா என்பதும் பொருட்டில்லை.

துணி என்ன நிறம் என்பதுதான் பெரிய விஷயம். டிடிஜி ஏன் மெதுவாக ஓடுகிறது, ஏன் விலை கூடுகிறது, ஏன் சில பிரிண்டுகள் சீக்கிரமே வெடிக்கின்றன, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் திருப்பூரின் ஸ்கிரீன் டேபிள்கள் ஏன் காலியாகவில்லை? இந்தக் கேள்விகளில் எதைப் பிடித்துக்கொண்டு போனாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறோம். கறுப்புப் பருத்தியின் மேல் வெள்ளை நிறத்தை நிறுத்துவது மிகவும் கடினம்.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. ஆடையின் மேல் இங்க்ஜெட் கொண்டு அச்சிடும் கருவிக்கு மேத்யூ ரோம் என்ற அமெரிக்கர் 1996-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 2000-ல் அது கிடைத்தது. அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த பல இயந்திரங்கள், அலுவலக மேஜையில் இருக்கும் எப்சன் பிரிண்டரைப் பிரித்து, காகிதம் போகும் இடத்தில் டி-சர்ட்டை விரிக்கும் பலகையைப் பொருத்தியவைதான். 2002-ல் இஸ்ரேலில் கார்னிட் டிஜிட்டல் தொடங்கியது. 2005-ல் பிரதர் நிறுவனம் ஜிடி-541 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. டி-சர்ட்டுக்கென்றே வடிவமைத்த இயந்திரம் அது. ஆனால் வெள்ளை மை கிடையாது, நாலு நிறம்தான். எப்சன் தன் பெயரில் எஃப்2000 என்ற டி-சர்ட் பிரிண்டரை 2013-ல்தான் வெளியிட்டது.

ஆரம்பகால இயந்திரங்களைச் செய்தவர்கள் எப்சனைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. இங்க்ஜெட்டில் துளியைத் தள்ளும் வழி இரண்டு. ஹெச்பி, கேனன் பிரிண்டர்களில் மையை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கடுமையாகச் சூடாக்குவார்கள். ஒரு குமிழி கிளம்பும், அது துளியை வெளியே தள்ளும். எப்சன் வழி வேறு. சில படிகங்களுக்கு மின்சாரம் கொடுத்தால் அவை இம்மியளவு வடிவம் மாறும். கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்த பீசோ மின்விளைவின் மறுபக்கம் இது. அந்த அசைவு மை இருக்கும் சிறு அறையை அழுத்த, துளி தெறிக்கிறது. சூடே இல்லை. துணிக்கான மையில் நிறத்தோடு, அதை நூலில் ஒட்டவைக்கும் பசை போன்ற பைண்டரும் கலந்திருக்கும். சூடு பட்டால் இறுகுவதுதான் அந்த பைண்டரின் வேலை. அது துணியில் இறுக வேண்டும், மையைத் தெளிக்கும் ஹெட்டுக்குள் இறுகக் கூடாது. அதனால்தான் துணி அச்சுக்கு பீசோ ஹெட் பொருத்தமாக அமைந்தது.

ஒரு துளியின் அளவு பிகோலிட்டர் கணக்கில் வரும். ஒரு லிட்டரை ஒரு லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பிகோலிட்டர். அப்படிச் சில பிகோலிட்டர் துளிகளைத் துணிக்குச் சில மில்லிமீட்டர் மேலே ஓடிக்கொண்டே ஹெட் தெளித்துக்கொண்டு போகும். சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் துளிகளை வெவ்வேறு அடர்த்தியில் கலந்து தெளித்தால் நம் கண் அதைக் கணக்கற்ற நிறங்களாகப் படிக்கிறது.

வெள்ளை டி-சர்ட்டில் இது அழகாக நடக்கும். மை நூலுக்குள் கொஞ்சம் இறங்கும், சூடு கொடுத்தால் பிடித்துக்கொள்ளும், தொட்டுப் பார்த்தால் பிரிண்ட் இருப்பதே விரலுக்குத் தெரியாது. டிடிஜியின் உண்மையான அழகு இதுதான் என்று நினைக்கிறேன். நம் ஊர் வெயிலுக்குக் காற்று புகும் பிரிண்ட் எவ்வளவு முக்கியம் என்பது மே மாதத்தில் பஸ்ஸில் போகிற யாருக்கும் தெரியும்.

இப்போது கறுப்பு டி-சர்ட்டை எடுத்துக்கொள்வோம். இந்த மைகள் எல்லாம் ஒளி ஊடுருவுபவை. மஞ்சள் மை மஞ்சளாகத் தெரிய வேண்டுமானால் அடியில் இருக்கும் துணி ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். கறுப்புத் துணி எல்லா ஒளியையும் விழுங்கிவிடும். மஞ்சளைக் கறுப்பில் தெளித்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே படம் வரும் இடம் முழுக்க முதலில் வெள்ளை ஓர் அடுக்கு, அதன் மேல் நிறங்கள். விற்பனையாகும் டி-சர்ட்டுகளில் கறுப்புக்கு இருக்கும் மவுசைப் பார்த்தால், வெள்ளை மை இல்லாத இயந்திரம் பாதிச் சந்தையைத் தொடவே முடியாது. அதனால் 2000-களின் நடுவிலிருந்து இந்தத் துறையின் உழைப்பில் பெரும்பங்கு வெள்ளை மைக்கே போனது.

வெள்ளைக்கு நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. பெயிண்டிலும் பற்பசையிலும் இருக்கும் அதே பொருள். மற்ற நிறமிகளைவிட இது மிகக் கனமானது. அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. தண்ணீர் போன்ற மெல்லிய மையில் கனமான துகள் என்ன செய்யும்? கீழே போய்ப் படியும். துகளைப் பொடியாக்கினால் படியாது என்று நினைக்கலாம். ஆனால் ஒளியை நன்றாகச் சிதறடித்து வெண்மை தருவதற்கு அந்தத் துகள் சுமார் கால் மைக்ரான் அளவில் இருந்தாக வேண்டும். இன்னும் பொடியாக்கினால் வெண்மை போய்விடும். ஆக, வெண்மை வேண்டுமென்றால் படிவதையும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

மை படிந்தால் ஹெட்டில் துளி வெளியேறும், முடியைவிட மெல்லிய துளைகளான நாசில்கள் அடைபடும். இயந்திரத்திலேயே விலை அதிகமான பாகம் ஹெட்தான். அது ஒருமுறை நிரந்தரமாக அடைத்துக்கொண்டால் சின்ன யூனிட்டின் பல மாத லாபம் போய்விடும். இதனால்தான் டிடிஜி வைத்திருப்பவர்கள் வெள்ளை மையைத் தினமும் குலுக்குகிறார்கள்; புதிய இயந்திரங்களில் மையைக் குழாய்களில் ஓயாமல் சுற்றவிடும் ஏற்பாடு இருக்கிறது. ஆர்டர் இல்லாத நாளிலும் நாசில் செக் எடுக்க வேண்டும், ஹெட்டின் அடிப்பாகத்தைத் துடைக்க வேண்டும், மையைக் கொஞ்சம் வீணாக்கியாவது வெளியேற்ற வேண்டும். இந்த இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு எப்போதாவது ஓட்டலாம் என்று நினைப்பது பெரிய தவறு. தினமும் ஓடினால்தான் அது உயிரோடு இருக்கும்.

நம் ஊர்ச் சூழலும் இதில் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் மை நாசில் வாயிலேயே காயத் தொடங்கும். ஏசி போட்டால் அறை குளிரும், ஆனால் காற்று இன்னும் உலரும். எனவே ஏசியோடு ஈரப்பதம் கூட்டும் கருவியும் வேண்டும். அச்சு நடுவே கரண்ட் போனால் ஹெட் தன் மூடிக்குத் திரும்ப முடியாமல் திறந்தபடி நிற்கும். ஒரு நல்ல யுபிஎஸ் இல்லாமல் டிடிஜி இயந்திரம் வாங்குவது விஷப்பரீட்சை. துணியிலிருந்து கிளம்பும் பஞ்சுத் தூசு வேறு இருக்கிறது.

சரி, வெள்ளை மை நாசிலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் துணியில். பருத்தி தண்ணீரைக் குடிக்கும் நூல். வெள்ளை மையை அப்படியே தெளித்தால் அது உள்ளே இறங்கிவிடும், மேலே சாம்பல் நிறக் கறைதான் மிஞ்சும். மை துணியின் மேற்பரப்பிலேயே நிற்க வேண்டும். அதற்காகத்தான் அச்சிடும் முன் துணியில் ஒரு திரவத்தைத் தெளிக்கிறார்கள். பிரீட்ரீட்மென்ட் என்று பெயர். கால்சியம் குளோரைடு, கால்சியம் நைட்ரேட் போன்ற உப்புகளும் பாலிமரும் கலந்த நீர்தான் அது. மையில் நிறமித் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. கால்சியம் அயனி பட்டதும் அந்த விலகல் உடைந்து, எலுமிச்சைச் சாறு பட்ட பால் போல மை அங்கேயே திரிந்து நின்றுவிடுகிறது. திரிந்தது உள்ளே இறங்க முடியாது. அதன் மேல் நிறங்கள் உட்காருகின்றன.

ஒரு நல்ல கறுப்பு டி-சர்ட் பிரிண்டை மோசமானதிலிருந்து பிரிப்பது இந்தத் தெளிப்புத்தான் என்று சொல்வேன். குறைவாகத் தெளித்தால் வெள்ளை மங்கும். அதிகமானால் துணியில் சதுரமாக ஒரு கறை தெரியும், பிரிண்ட் விறைக்கும், துவைக்கும்போது மை உரியும். ஒரு மூலையில் கூடி ஒரு மூலையில் குறைந்தால் படமே திட்டுத் திட்டாக வரும். தெளித்ததும் ஹீட் பிரஸ்ஸில் வைத்து உலர்த்தி, கிளம்பி நிற்கும் நார்களைப் படியவைத்த பிறகுதான் அச்சு. அச்சுக்குப் பிறகு மறுபடி சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் கியூரிங், அதாவது மையை இறுகவைப்பது. ஹீட் பிரஸ்ஸில் என்றால் ஒரு நிமிடம் முன்னே பின்னே, கன்வேயர் டிரையரில் என்றால் சில நிமிடங்கள். இதில் அவசரப்பட்டால் பிரிண்ட் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரண்டாவது துவைப்பில் குட்டு வெளிப்படும். கார்னிட் இயந்திரங்கள் இந்தத் திரவத்தைத் தாமே தெளித்து, ஈரம் காயும் முன்னே அச்சிட்டுவிடுகின்றன. அதனால் பெரிய ஆலைகளுக்கு அவை ஒத்துப்போகின்றன; விலையும் அதற்கேற்ற உயரத்தில்.

இப்படி எல்லாம் சேர்த்துப் பார்த்தால், சின்ன இயந்திரத்தில் ஒரு கறுப்பு டி-சர்ட் முழுதாக முடிய சில நிமிடங்கள் ஆகும். நல்ல ஆட்டோமேட்டிக் ஸ்கிரீன் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் பல நூறு பீஸ் அடிக்கும். பத்தாயிரம் பீஸ் ஆர்டர் எடுக்கும் திருப்பூர் ஏற்றுமதியாளர் ஏன் டிடிஜி பக்கம் திரும்புவதில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, வெளியே அதிகம் பேசப்படாதது. திருப்பூரில் பெரும்பாலும் பிரிண்ட் அடிப்பது தைத்த டி-சர்ட்டில் அல்ல, வெட்டிய துண்டில். மார்புப் பகுதி பேனல் தனியாகப் பிரிண்டிங் யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்காகப் போகும், அடித்துத் திரும்பி வந்த பிறகுதான் தையல். பிரிண்ட் கெட்டுப்போனால் நஷ்டம் ஒரு துண்டுத் துணி. டிடிஜியில் கெட்டுப்போவது காலர், தையல், லேபிள் எல்லாம் முடிந்த முழு டி-சர்ட். ஒற்றைப் பீஸ் அச்சிடுபவரின் விலையில் இந்தச் சேதாரமும் மறைந்திருக்கிறது.

ஆனாலும் திருப்பூருக்கு டிடிஜியோடு ஆழமான உறவு இருக்கிறது. நாடு முழுவதும் ஆன்லைனில் ஒற்றை டி-சர்ட் அச்சிட்டு விற்பவர்களுக்கு வெற்று டி-சர்ட் பெருமளவில் இங்கிருந்துதான் போகிறது. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) பயோவாஷ் என்று அவர்கள் கேட்பது வெறும் மென்மைக்காக மட்டும் அல்ல. பயோவாஷில் செல்லுலேஸ் என்ற நொதி துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு நார்களைத் தின்றுவிடும். அந்த நார்கள் வெள்ளை அடுக்கைக் கிழித்துக்கொண்டு எழுந்து நிற்பவை. துவைக்கத் துவைக்கப் பிரிண்ட் மங்கலாகத் தெரிவதற்குப் பல நேரம் மை போனது காரணமல்ல, நார் எழுந்ததுதான் காரணம். நீண்ட இழையில் நூற்ற கோம்டு நூலும் அதே காரணத்துக்காக நல்லது. மலிவான டி-சர்ட்டில் விலை உயர்ந்த இயந்திரம் அடித்தாலும் பிரிண்ட் மலிவாகத்தான் தெரியும்.

டிடிஜி தண்ணீர் தேவைப்படாத அச்சு என்று விளம்பரங்கள் சொல்வதையும் பார்த்துவிடலாம். பாதி உண்மை. சாய மைகளால் துணிச் சுருளில் அச்சிடும்போது நீராவி காட்டி, ஒட்டாத சாயத்தைக் கழுவி எடுக்க நிறையத் தண்ணீர் போகும். டிடிஜியின் பிக்மென்ட் (நிறமி) மைக்கு அந்தக் கழுவல் கிடையாது. ஆனால் கறுப்பு டி-சர்ட்டைக் கறுப்பாக்கியது யார்? அது ஏற்கெனவே சாயப்பட்டறைத் தொட்டியில் மூழ்கி எழுந்து வந்ததுதான். நொய்யல் ஆற்றில் கழிவு கலந்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற கட்டாயம் வந்ததையும் பார்த்த ஊர் இது. அச்சில் மிச்சமாகும் தண்ணீரை மட்டும் எண்ணிவிட்டு, சாயத்தில் செலவான தண்ணீரை மறந்துவிடக் கூடாது. டிடிஜியின் பெரிய நன்மை வேறிடத்தில் இருக்கிறது. விற்ற பிறகு அச்சிடுவதால் விற்காத சரக்கு சேர்வதில்லை. ஆயிரம் பீஸ் அடித்து முந்நூறு தேங்கி, கடைசியில் எடைக்குப் போகும் கதை இதில் இல்லை. 2017-ல் அமேசான் கார்னிட்டின் பங்குகளை வாங்கும் உரிமையோடு அந்த நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டதற்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் வெள்ளை மையின் தொல்லைகளைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குவழி வந்தது. டைரக்ட் டு ஃபிலிம், சுருக்கமாக டிடிஎஃப். 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவி, இன்று சின்ன ஊர் பிரிண்ட் கடைகளில்கூட இருக்கிறது. இதில் துணியில் அச்சிடுவதே இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமின் மேல் படத்தைத் தலைகீழ் பிம்பமாக, முதலில் நிறங்கள், அவற்றின் மேல் வெள்ளை என்று அடிப்பார்கள். ஈரமாக இருக்கும்போதே பசைப் பொடியைத் தூவி, உருக்கி, பிறகு துணியின் மேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தி ஃபிலிமை உரித்துவிடுவார்கள். மை துணிக்குள் இறங்கிவிடுமோ என்ற கவலை இல்லை, துணிக்கு பிரீட்ரீட்மென்ட் இல்லை. பருத்தி, பாலியஸ்டர், நைலான் எதுவானாலும் ஒட்டும். பாலியஸ்டரில் டிடிஜி தடுமாறும். கியூரிங் சூட்டில் துணியின் சாயமே ஆவியாகி வெள்ளை மைக்குள் ஏறி, சிவப்பு ஜெர்சியில் அடித்த வெள்ளையை ரோஸ் நிறமாக்கிவிடும்.

டிடிஎஃப் வசதியானது, அதில் சந்தேகமில்லை. பாக்கெட்டின் மேல் சின்ன லோகோ, முதுகில் பெயரும் எண்ணும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மார்பு முழுக்க நிரம்பிய பெரிய படத்தை டிடிஎஃப்பில் அடித்தால் அது நெஞ்சின் மேல் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள். வியர்வை போக வழியில்லை. இரண்டையும் 'டிஜிட்டல் பிரிண்ட்' என்ற ஒரே பெயரில் விற்பதுதான் எனக்கு வருத்தம். வாங்குபவருக்குத் தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பிரிண்ட்டை இரண்டு கைகளால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். டிடிஜி என்றால் பின்னலின் கண்ணிகள் மைக்கு நடுவே தெரியும், கறுப்புத் துணியாக இருந்தால் கறுப்பு எட்டிப்பார்க்கும். டிடிஎஃப் ரப்பர் போல ஒன்றாக நீளும், ஓரத்தை நகத்தால் வருடினால் ஒரு விளிம்பு தட்டுப்படும்.

படம் அனுப்புபவர்களுக்கும் வெள்ளை அடுக்கை மனதில் வைத்துச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். பின்னணியை நீக்கிய பிஎன்ஜி கோப்பாக, அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கட்டும். கறுப்பு டி-சர்ட்டில் படத்தின் கறுப்புப் பகுதிகளை அச்சிடாமல் துணியின் கறுப்பையே விட்டுவிடச் சொல்லுங்கள். பிரிண்ட் இலகுவாகும், மையும் மிச்சம். பாதி தெரியும் நிழல், புகை போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது, அவற்றின் அடியிலும் வெள்ளை விழுந்து சாம்பல் வளையமாகத் தெரியும். நிறத்துக்கு வெளியே வெள்ளை எட்டிப்பார்க்காதிருக்க இயந்திரத்தின் மென்பொருள் வெள்ளை அடுக்கை ஓரங்களில் இம்மியளவு சுருக்கும். மெல்லிய கோடுகளின் அடியில் வெள்ளையே இல்லாமல் போவது இதனால்தான். தமிழ் எழுத்து வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சின்ன அளவில் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் மை பரவி அடைபடும், புள்ளிகள் வெள்ளை அடுக்கு இல்லாமல் மங்கிப்போகும். கொஞ்சம் தடித்த எழுத்துருவாக, திறந்த சுழிகளோடு இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

உரிமையும் பார்க்க வேண்டியதுதான். ஒற்றைப் பீஸ் எளிதானதும், நடிகர் படம், கிரிக்கெட் அணி லோகோ, யாரோ ஓர் ஓவியர் இணையத்தில் போட்ட சித்திரம் எல்லாம் டி-சர்ட்டில் ஏறத் தொடங்கிவிட்டன. 1957-ன் பதிப்புரிமைச் சட்டமும் 1999-ன் வணிகச் சின்னச் சட்டமும் டி-சர்ட்டுக்கு விலக்கு தரவில்லை. ஓவியரைக் கேட்டு, பணம் கொடுத்து அச்சிடுங்கள்.

கையில் வந்த பிறகு, முதல் துவைப்புக்கு முன் ஒரு நாள் சும்மா விடுங்கள். புதிதாக இருக்கும்போது லேசாகப் புளித்த வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது பிரீட்ரீட்மென்ட் திரவத்தின் மிச்சம், துவைத்தால் போய்விடும். உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், பிளீச் இல்லாமல் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். பிரிண்டின் மேல் நேராக இஸ்திரி வேண்டாம். திருப்பிப் போட்டே தேயுங்கள். துவைகல்லில் அடித்துத் துவைக்கும் வீடு என்றால், கறுப்பைவிட வெள்ளை டி-சர்ட்டில் அச்சிட்டு வாங்குவதே மேல்.